கிந்தாமணியில் தங்கப் போகிறீர்களா? முதலில் எந்த ஊர் என்று கேளுங்கள்

பாலிக்குப் போய்வந்த நம்மவர்களைக் கேட்டால், முக்கால்வாசிப் பேர் கிந்தாமணியைப் பார்த்தாகிவிட்டது என்பார்கள். காலையில் உபுத் நகரிலிருந்து வண்டி கிளம்பும். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலாக மலையேறி, பெனெலோக்கானில் மலை விளிம்பை ஒட்டி நிற்கும். எதிரே பாத்தூர் எரிமலை, காலடியில் ஏரி. நாலு படம், ஒரு காபி, மதியச் சாப்பாடு, திரும்பிவிடுவார்கள். பெனெலோக்கான் என்ற பெயருக்கே பார்க்கும் இடம் என்றுதான் பொருள். ஆனால் அங்கே நின்றால் கண்ணில் படுவது 48 ஊர்கள் அடங்கிய வட்டாரத்தின் ஒரு மூலை மட்டும்தான்.

நான் எழுதுவது அந்த 48 ஊர்களில் ஏதாவது ஒன்றில் சில வாரமாவது தங்கப் போகிறவர்களுக்காக. காபித் தோட்டம் பார்க்க, பழைய கோயில்களைப் பார்க்க, ஏரிக்கரையில் உட்கார்ந்து எழுத என்று எதற்காகப் போனாலும் சரி. போன இடத்தில் உடனே தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: நாம் நிற்பது எந்த ஊர், எந்தக் காரியத்துக்கு யார் வாசலுக்குப் போக வேண்டும். இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

1. ஊர்ப் பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

இந்தோனேசியாவில் மாகாணம், அதற்குக் கீழே கபுபாத்தேன், அதற்குக் கீழே கெச்சாமத்தான், கடைசியில் தேசா என்கிற ஊர். கபுபாத்தேன் நம்முடைய மாவட்டம் மாதிரி. கெச்சாமத்தானை ஊராட்சி ஒன்றியம் என்று நினைத்துக்கொள்ளலாம். கிந்தாமணி கெச்சாமத்தான் பங்லி மாவட்டத்தில் இருக்கிறது. பாலியில் கடற்கரையே இல்லாத மாவட்டம் அது ஒன்றுதான். பங்லியில் உள்ள நான்கு கெச்சாமத்தான்களில் பெரியது கிந்தாமணி. சுமார் 367 சதுர கிலோமீட்டர், அதாவது மாவட்டத்தின் பரப்பில் 70 விழுக்காடு.

குழப்பம் பெயரில்தான் வரும். கிந்தாமணி என்பது அந்த ஒன்றியத்தின் பெயர். அதற்குள்ளே கிந்தாமணி என்றே தனியாக ஓர் ஊரும் உண்டு. சுற்றுலாக்காரர்கள் சொல்கிற கிந்தாமணியோ பெனெலோக்கான் சாலையோரம். ஆகவே அறை பதிவு செய்யும்போது ‘கிந்தாமணியில்’ என்று இருந்தால் போதாது. தேசாவின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பின் மேலே என்றால் பாத்தூர் உத்தாரா, பாத்தூர் தெங்ஙா, பாத்தூர் செலாத்தான், கிந்தாமணி, சுகவனா. கீழே ஏரியைச் சுற்றி என்றால் கெடிசான், புவாஹான், துருன்யான், சொங்ஙான். வெளிச்சரிவில் காபிக்குப் பேர்போன சாத்தூர், பெலாந்தி. சாத்தூர் என்று கேட்டதும் நமக்குச் சேவு நினைவுக்கு வரும், அங்கே காபி. மேலூருக்கும் ஏரிக்கரைக்கும் நடுவில் சுமார் 400 மீட்டர் உயர வித்தியாசம், கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலை. தெரியாமல் தவறான பக்கம் அறை எடுத்துவிட்டால் தினமும் அந்த ஏற்றத்தை ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏரிக்கரையில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன தோயா புங்கா என்ற இடத்தின் முகவரியில் பாத்தூர் தெங்ஙா என்றிருக்கும். பாத்தூர் தெங்ஙா மேலே விளிம்பில் இருக்கிற ஊராயிற்றே, அதன் எல்லைக்குள் ஏரிக்கரை எப்படி வந்தது? அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

2. ஊர் இடம் பெயர்ந்த கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

பாத்தூர் முன்பு கீழேதான் இருந்தது, எரிமலையின் அடிவாரத்தில். 1917இல் மலை வெடித்தது. எரிகுழம்பு ஊருக்குள் இறங்கி, கோயில் வாசல்வரை வந்து நின்றது என்பார்கள். அம்மன் தடுத்துவிட்டாள் என்று நம்பி, மக்கள் அதே இடத்தில் ஊரைத் திரும்பக் கட்டினார்கள். 1926 ஆகஸ்டில் மறுபடியும் வெடித்தது. இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. ஊரும் கோயிலும் எரிகுழம்புக்குக் கீழே போயின. மக்கள் தெய்வத்தின் பொருட்களைத் தூக்கிக்கொண்டு விளிம்பின் மேலே ஏறி, அங்கே ஊரையும் கோயிலையும் புதிதாக எழுப்பினார்கள். இன்று பெனெலோக்கானிலிருந்து விளிம்புச் சாலையில் வடக்கே போனால் வருகிற புரா உலுன் டானு பாத்தூர் அதுதான், புரா என்றால் கோயில். ஊர் மேலே போனது, ஊரின் நிலம் கீழேயே இருந்தது. தோயா புங்காவின் முகவரி அப்படி வந்ததுதான்.

மேலிருந்து பார்க்கும்போது ஏரிக்கும் எரிமலைக்கும் நடுவே கன்னங்கரேல் என்று ஒரு வெளி தெரியும். அழகாக இருக்கிறது என்று எல்லோரும் படம் எடுப்பார்கள். அது உறைந்த எரிகுழம்பு. 1963 வெடிப்பில் வழிந்ததும் அதில் உண்டு. அந்தக் கருப்புக்கு அடியில் ஓர் ஊர் புதைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஒருதடவை பாருங்கள். எனக்கு அதற்கப்புறம் அந்த இடத்தில் படம் எடுக்கக் கை வரவில்லை.

இதைவிடப் பழைய கதையும் உண்டு, அது நமக்கு ரொம்பப் பக்கத்தில் வரும். சுகவனாவில் பாதுகாக்கப்படுகிற செப்பேடுகளில் ஒன்று சக ஆண்டு 804ஐச் சேர்ந்தது, அதாவது பொது ஆண்டு 882. பாலியில் ஆண்டு குறிப்பிட்டுக் கிடைத்த மிகப் பழைய ஆவணங்களில் அது ஒன்று. எழுதியிருப்பது பழைய பாலி மொழியில். சிவகங்சித, சிவநிர்மல, சிவப்ரஜ்ஞ என்ற துறவிகள், சிந்தாமணிக் குன்றில் ஒரு மடமும் வழிப்போக்கர்களுக்கு ஒரு சத்திரமும் கட்டிக்கொள்ள அனுமதி கொடுக்கிறது அந்தச் செப்பேடு. ஆமாம், சிந்தாமணி. கிந்தாமணியின் பழைய பெயர் அதுதான். சத்திரத்துக்கு அதில் உள்ள சொல் ‘சத்ர’. வெளியூர்க்காரன் வந்து தங்குவதற்கான ஏற்பாட்டோடுதான் இந்த ஊரின் எழுத்து வரலாறே தொடங்குகிறது. பாலி எழுத்தும் பல்லவ எழுத்திலிருந்து காவி என்ற பழைய ஜாவா எழுத்து வழியாக வளர்ந்ததுதான். கோயில் பலகையில் அதைப் பார்க்கும்போது வளைவுகள் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும்.

சுகவனா எல்லையில், சுமார் 1,745 மீட்டர் உயரத்தில் புரா புஞ்சாக் பெனுலிசான் இருக்கிறது. நீண்ட படிக்கட்டு ஏற வேண்டும். மேலே திறந்த மண்டபங்களில் பதினோராம் நூற்றாண்டு முதலான பழைய சிலைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அவற்றில் பட்டாரி மண்டுல் என்ற பெயர் பொறித்த சிலையில் சக ஆண்டு 999 இருக்கிறது. சாயங்காலம் பனிமூட்டம் இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி இருப்பதுகூடத் தெரியாது, காலையிலேயே போய்விடுங்கள்.

3. ஒரே ஊருக்கு இரண்டு நிர்வாகம்

புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

அரசாங்க ஊர் ஒன்று, தேசா டினாஸ். அதன் தலைவர் பெர்பெக்கெல், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். அவருக்கு மேலே கெச்சாமத்தான் அலுவலகத்தில் இருக்கும் சாமாத், மாவட்ட நிர்வாகம் நியமிக்கும் அதிகாரி. சான்றிதழ், குடும்ப அட்டை, சாலை, ஊர் நிதி எல்லாம் இந்தப் பக்கம். 2014ஆம் ஆண்டு ஊர்ச் சட்டத்துக்கு அப்புறம் ஜகார்த்தாவிலிருந்து ஒவ்வொரு தேசாவுக்கும் நேரடியாக நிதி வருகிறது. ஊர் அலுவலக வாசலில் வரவு செலவைப் பெரிய பலகையில் அச்சடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். மொழி தெரியாவிட்டாலும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள், சாலைக்கு எவ்வளவு, குழந்தைகள் நலத்துக்கு எவ்வளவு என்று எண்களே சொல்லும்.

வழக்கத்தின் ஊர் இன்னொன்று, தேசா அடாட். கோயில், திருவிழா, சாவு, சுடுகாடு, ஊர்ப் பொது நிலம் எல்லாம் இதன் கையில். தலைவருக்குப் பெண்டேசா என்று பெயர். பழைய மலையூர்களான சுகவனா, துருன்யான் போன்றவற்றில் அதற்கும் மேலே மூத்தோர் வரிசை ஒன்று உண்டு. கல்யாணமான மூப்பின்படி வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர் என்று நீண்ட மண்டபத்தில் ஜோடி ஜோடியாக உட்காருவார்கள். மேலே இருப்பவர் விலகினால் ஒவ்வொருவராக மேலே நகர்வார்கள். பணமும் படிப்பும் அந்த வரிசையை மாற்றாது. இரண்டு ஊருக்கும் எல்லை எப்போதும் ஒன்றாக இருக்காது, தலைவரும் வேறு வேறு ஆள்.

நமக்கு இது எதற்கு என்றால், 2019இல் பாலி மாகாணம் போட்ட நான்காம் எண் சட்டம் அடாட் ஊரில் இருக்கிறவர்களை மூன்றாகப் பிரிக்கிறது. அந்த ஊரிலேயே உறுப்பினரான பாலி இந்துக்கள் ஒரு வகை. வேறு ஊரைச் சேர்ந்த பாலி இந்துக்கள் இரண்டாம் வகை. மற்ற எல்லோரும் தாமியு. பாலி மொழியில் தாமியு என்றால் விருந்தாளி. நீங்கள் இந்துவாகவே இருந்தாலும், அங்கே ஒரு வருடமே தங்கினாலும், நீங்கள் தாமியுதான். விருந்தாளிக்குக் கடமை குறைவு, உரிமையும் குறைவு. இதைப் புரிந்துகொண்டு போனால், கோயில் கூட்டத்தில் உங்களை ஒரு ஓரமாக உட்காரச் சொல்லும்போது மனது சங்கடப்படாது.

தேசாவுக்குள்ளே பஞ்சார் என்று சின்னச் சின்னப் பிரிவுகள் உண்டு, நம்முடைய தெரு மாதிரி. பஞ்சாரின் தலைவர் க்லியான். நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர் இவர்தான். பஞ்சார் மண்டபத்தில் குல்குல் என்ற மரமணி தொங்கும். உள்ளே குடைந்த மரத்துண்டு, பிளவுள்ள பக்கத்தில் கோலால் அடிப்பார்கள். கூட்டத்துக்கு ஒரு தாளம், சாவுக்கு ஒரு தாளம், ஆபத்துக்கு விடாமல் வேகமான அடி. உங்களுக்குத் தாளம் புரியாது, ஆனால் அடித்ததும் வீட்டுக்காரர் முகத்தைப் பாருங்கள். செருப்பைத் தேடிக்கொண்டு ஓடினால் விஷயம் பெரிது.

4. முதல் மூன்று நாளில் செய்ய வேண்டியவை

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு வந்திறங்கியதும் விசா கிடைக்கும். கட்டணம் 5,00,000 ரூபியா, 30 நாள், இன்னொரு 30 நாள் ஒரே ஒரு தடவை நீட்டிக்கலாம். இது தவிர, 2024 பிப்ரவரி 14 முதல் பாலிக்கு வரும் வெளிநாட்டவர் தலைக்கு 1,50,000 ரூபியா கட்ட வேண்டும். இணையத்திலேயே கட்டி, ரசீதைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலா விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. தோட்டத்தில் சும்மா கைகொடுத்தாலும்கூட யாராவது வேலை என்று நினைத்துவிட இடமுண்டு, கவனமாக இருங்கள்.

வீட்டுக்குப் போனதும் கடவுச்சீட்டு நகலை வீட்டுக்காரரிடம் கொடுங்கள். வெளிநாட்டவர் தங்கியிருப்பதைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பது அவர் பொறுப்பு. அன்று சாயங்காலமே அவரையும் கூட்டிக்கொண்டு க்லியானைப் போய்ப் பாருங்கள். கையில் கொஞ்சம் பழமோ பிஸ்கட்டோ போதும். எத்தனை நாள், எதற்காக என்று சொல்லிவிட்டால் ஊருக்கே தெரிந்த மாதிரி. நான் முதல் தடவை இதைச் செய்யாமல் விட்டுவிட்டேன். நாலாம் நாள் விழாவுக்காகத் தெருவை அடைத்தபோது, எந்தச் சந்து வழியாக வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லக்கூட யாருக்கும் நான் யாரென்று தெரியவில்லை. மழையில் ஒரு மணி நேரம் நின்றேன்.

கூப்பிடுவது எப்படி? வயதில் மூத்த ஆணைப் பாக், பெண்ணை இபு என்று சொன்னால் எங்கும் தப்பாகாது. கொஞ்சம் பழகிய பிறகு அண்ணனுக்கு ப்லி, அக்காவுக்கு ம்போக். பூசாரியையும் அடாட் பெரியவர்களையும் ஜெரோ என்று கூப்பிடுங்கள். பெயர்கள் பிறந்த வரிசையில் இருக்கும்: வாயான் அல்லது புத்து மூத்தது, மாடே அல்லது காடெக் இரண்டாவது, ஞோமான் அல்லது கோமாங் மூன்றாவது, கெத்துத் நான்காவது, ஐந்தாவதுக்கு மறுபடியும் வாயான். ஆணும் பெண்ணும் இதே பெயர்தான். அதனால் ‘வாயான் வீடு எங்கே’ என்று கேட்டால் பத்து வீட்டைக் காட்டுவார்கள், முழுப் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வணக்கத்துக்கு ஓம் ஸ்வஸ்தியஸ்து, நன்றிக்கு சுக்ஸ்மா.

5. உடம்புக்கு வந்தால்

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புஸ்கெஸ்மாஸ் என்று பெயர். சின்ன ஊர்களில் அதன் கிளை இருக்கும். மாதம் ஒருமுறை பஞ்சார் மண்டபத்திலேயே போஸ்யாண்டு நடக்கும், குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். அதை நடத்துவது ஊர்ப் பெண்கள்தான், சம்பளமாக வருவது ரொம்பக் கொஞ்சம். சளி, காய்ச்சல், காயம் என்றால் புஸ்கெஸ்மாஸ் போதும், வெளிநாட்டவர் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பெரிசாக ஏதாவது என்றால் பங்லி நகரில் உள்ள மாவட்ட மருத்துவமனை, அதற்கும் மேலே மாகாணத் தலைநகர் டென்பசார். மலைச்சாலை, மூடுபனி, ராத்திரி எல்லாம் சேர்ந்தால் டென்பசாருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பயணக் காப்பீடு இல்லாமல் போகாதீர்கள். ஆம்புலன்சுக்கு 119, போலீசுக்கு 110.

நாய்க்கடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிந்தாமணி நாய் என்று ஓர் இனமே உண்டு. சுகவனாப் பக்கத்து வெள்ளை நிறம், கழுத்தில் அடர்ந்த முடி, விறைத்த காது. 2019இல் உலக நாய்கள் கூட்டமைப்பு அதைத் தனி இனமாகத் தற்காலிக அடிப்படையில் ஏற்றுக்கொண்டது. பார்த்தால் தடவிக்கொடுக்கத் தோன்றும். ஆனால் 2008 முதல் பாலியில் ரேபீஸ் இருக்கிறது. எந்த நாய் கடித்தாலும், பிராண்டினாலும்கூட, காயத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே புஸ்கெஸ்மாஸுக்குப் போங்கள். அங்கே மருந்து இல்லை என்றால் எங்கே இருக்கிறது என்று அவர்களையே கேட்டு, உடனே கிளம்புங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற விஷயமே கிடையாது.

6. தண்ணீர், சாப்பாடு, சாலை

பாலியின் பெரிய ஏரி காலடியில் கிடக்க, மேலூரில் தண்ணீருக்குக் கஷ்டம். விளிம்பிலும் வெளிச்சரிவிலும் உள்ள ஊர்களில் வீட்டுக்கு வீடு சுபாங் என்ற மழைநீர்த் தொட்டி கட்டியிருப்பார்கள். கூரைத் தகரத்திலிருந்து குழாய் நேராக அதற்குள் இறங்கும். மழையில்லாத ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தொட்டியின் அடி தெரிய ஆரம்பிக்கும், பிறகு லாரித் தண்ணீர்தான். நான் தங்கிய வீட்டில் பாட்டி ஒருவர் அரிசி கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்து, அதில் காய்கறி அலசி, கடைசியாக மிளகாய்ச் செடிக்கு ஊற்றுவார். குளியலறையில் நான் ஊற்றிக்கொண்ட தண்ணீரை நினைத்துக் கூசிப்போனது. வந்த அன்றே வீட்டுக்காரரிடம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள், அதற்குத் தக்கபடி குளியுங்கள்.

ஏரியிலிருந்து வெளியே ஓடுகிற ஆறு கிடையாது. தண்ணீர் பாறைக்குள் கசிந்து, கீழே சமவெளிகளில் ஊற்றாக வருகிறது. அதனால்தான் கீழே நெல் விளைவிக்கிற சுபாக் என்ற பாசனக் குழுக்கள், ஏரியின் தெய்வமான தேவி டானுவுக்கு விளைச்சலில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு பாத்தூர் கோயிலுக்கு ஏறி வருகின்றன. பத்தாம் மாதப் பௌர்ணமித் திருவிழாவில், நம் பங்குனி, சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, அதைக் கண்ணாரப் பார்க்கலாம். 2012இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பாலியின் சுபாக் நிலப்பரப்பில் இந்த ஏரியும் கோயிலும் அடக்கம்.

சாப்பாட்டில் ஏரி மீன் முஜாயிரை விடக் கூடாது. பொரித்து, மஞ்சள், சித்தரத்தை, வெங்காயம், மிளகாய் அரைத்த விழுதில் வற்றும்வரை கொதிக்கவிடுவார்கள், ஞாட் ஞாட் என்று பெயர். காரம் நம் நாக்குக்குச் சரியாக இருக்கும். சைவக்காரர்கள் ‘தன்பா டாகிங்’ என்று மட்டும் சொன்னால் போதாது, அது இறைச்சியை மட்டும்தான் நிறுத்தும். சாம்பல் என்கிற மிளகாய்த் துவையலில் இறால் விழுது இருக்கும், ‘தன்பா தெராசி’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். காபி என்றால் இங்கே அரபிகா, ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே வளர்கிறது. 2008இல் இந்தோனேசியாவிலேயே முதலாவதாகப் புவிசார் குறியீடு பெற்றது கிந்தாமணி காபிதான். கிந்தாமணிச் சந்தை மூன்று நாளுக்கு ஒருமுறை கூடும், அடுத்த சந்தை என்றைக்கு என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். விடிவதற்குள் போனால்தான் வெங்காயம், தக்காளி மூட்டைகள் இறங்குவதைப் பார்க்கலாம்.

பேருந்து வசதியை நம்ப முடியாது. இருசக்கர வண்டி ஓட்டுகிறவர்கள் சர்வதேச ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கேயும் நம்மைப்போல இடப்பக்கம்தான். ஏரிக்கரைச் சாலையில் மணல் லாரிகள் வரும், வளைவுகளில் ஒலி எழுப்பிக்கொண்டே போங்கள். ராத்திரி வெப்பநிலை 15 டிகிரி வாக்கில் இறங்கும், கம்பளி வேண்டும்.

7. கோயில், சுடுகாடு, மௌனநாள்

எந்தப் புராவுக்குள் போனாலும் இடுப்பில் கைலி, அதன்மேல் ஒரு கச்சை. மாதவிலக்கு நாட்களிலும் வீட்டில் சாவு நேர்ந்த தீட்டிலும் உள்ளே போகக் கூடாது. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வழியில் தென்னோலைத் தட்டில் பூவும் ஊதுபத்தியும் வைத்திருப்பார்கள், மிதிக்காமல் தாண்டுங்கள்.

துருன்யானைப் பற்றி ஒரு வேண்டுகோள். அங்கே இயல்பாக இறந்த கல்யாணமானவர்களைப் புதைப்பதும் இல்லை, எரிப்பதும் இல்லை. தாரு மெஞான் என்ற மரத்தடியில் மூங்கில் கூண்டுக்குள் கிடத்திவிடுவார்கள். மரத்தின் வாசனை நாற்றத்தைத் தடுக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரு நேரத்தில் 11 பேருக்குத்தான் இடம், புதியவர் வந்தால் பழைய எலும்புகள் பக்கத்துக் கல்மேடைக்குப் போகும். படகில் சுற்றுலாக்காரர்கள் வந்து மண்டையோட்டோடு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது ஒருவருடைய அப்பா, ஒருவருடைய பாட்டி. போகத்தான் வேண்டும் என்றால் முதலில் ஊருக்குள் போங்கள், புரா பஞ்செரிங் ஜாகாத் கோயிலைப் பாருங்கள், ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், கைபேசியைப் பைக்குள் வையுங்கள். படகுக்கு ஏறுமுன் போக, வர இரண்டுக்கும் சேர்த்துத் தொகையைப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாத்தூர் மலை 1,717 மீட்டர். உள்ளூர் வழிகாட்டியோடுதான் ஏற வேண்டும், விடியற்காலை நாலு மணி வாக்கில் கிளம்பினால் சூரிய உதயத்துக்கு மேலே இருக்கலாம். எரிமலை எச்சரிக்கைக்கு நான்கு நிலை: நோர்மால், வஸ்பாடா, சியாகா, ஆவாஸ். எந்த நிலை என்று ஏறுவதற்கு முன் கேளுங்கள், ஆவாஸ் என்றால் ஊரைவிட்டே கிளம்ப வேண்டும்.

பெரும்பாலும் மார்ச்சில், யுகாதியை ஒட்டி ஞெபி வரும், அவர்களுடைய சக ஆண்டுப் பிறப்பு. காலை ஆறு முதல் மறுநாள் காலை ஆறு வரை விளக்கு எரியாது, அடுப்பு எரியாது, தெருவில் ஆள் நடமாடக் கூடாது, விமான நிலையம்கூட மூடியிருக்கும். வெளிநாட்டவருக்கும் விலக்கில்லை, நோயாளிக்கும் பிரசவத்துக்கும் மட்டும்தான். முந்தைய நாளே சாப்பாடும் தண்ணீரும் மருந்தும் வாங்கி வையுங்கள், ஜன்னலுக்குத் திரை போடுங்கள். இரவில் வாசல்படிவரை வந்து மேலே பாருங்கள். ஊரில் ஒரு விளக்கும் இல்லாத மலைமேல் வானம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் க்லியானிடம் போய் ‘பாமித்’ என்று சொல்லுங்கள், விடைபெறுகிறேன் என்று அர்த்தம். வீட்டுக்காரரிடமும் நீங்கள் கிளம்பும் தேதியைச் சொல்லிவிடுங்கள், அவர் பதிவில் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை பையில் ஒரு கொத்து வெங்காயத்தையோ ஒரு பொட்டலம் காபியையோ வைப்பார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.